ஆறாப் புண்ணும் அறிவின் ஆயுளும்

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்ப்ற். ஊர்காவற்றுறையும் வேலணையும் அமைந்த தீவுக்கு அவர்கள் இட்ட பெயர் லைடன். 1658ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியவர்கள், தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களை நம் தீவுகளின் தலையிலே சூட்டி மகிழ்ந்தார்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உள்ள செய்தியை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஒல்லாந்து தேசத்து டெல்ப்ற் நகரில், நெடுந்தீவு ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்த அதே காலத்தில், அன்ரனி வான் லீவன்ஹூக் என்னும் துணி வணிகர் ஒருவர் வாழ்ந்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். தம் கையாலேயே வில்லைகளைத் தேய்த்து உருப்பெருக்கிகளைச் செய்தவர். 1674ஆம் ஆண்டு குருதியின் செங்கலங்களை விவரித்தார். 1676இல், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நீரிலே நீந்துவதை இலண்டன் விஞ்ஞானிகளுக்கு எழுதி அறிவித்தார். லைடன் நகரமோ, பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய மருத்துவக் கல்வியின் தலைநகராய் விளங்கியது. நோயாளியின் படுக்கையருகே நின்று மாணவருக்குப் பாடஞ் சொன்ன பூர்ஹாவே என்னும் பேராசிரியர் அங்கேதான் இருந்தார்.

அந்த டெல்ப்றிலிருந்து நம் டெல்ப்றுக்கு வந்தது என்ன? நெடுந்தீவிலே குதிரை வளர்த்தார்கள், நம் கரைகளிலே சாயவேர் கிண்டுவித்தார்கள், வரி வாங்கினார்கள். பெயர் வந்தது, அறிவு வரவில்லை. கப்பல் வந்த அதே கடல்வழியில் உருப்பெருக்கி வந்து சேரவில்லை. ஓர் ஊரிலே பிறந்த அறிவு இன்னோர் ஊரின் புண்ணை ஆற்ற வேண்டுமானால், இடையிலே கடல் மட்டுமன்று, ஆட்சியும் வணிகமும் மொழியும் குறுக்கே நிற்கின்றன. இன்று விஞ்ஞானிகள் புண்ணை ஆற்றும் புரதங்களின் ஆயுளை நீட்டும் முயற்சியில் இறங்கியிருக்கிறார்கள். அம்முயற்சியின் வரலாற்றைத் தீவுப்பகுதிப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் நாம் ஏன் பேசப் புகுந்தோம் என்பது, இக்கட்டுரையின் முடிவிலே தெளிவாகும் என நம்புகிறோம்.

தீவின் புண்கள்

தீவுப்பகுதி மக்களின் உடலைப் பார்த்தால் அவர்கள் செய்யும் தொழிலைச் சொல்லிவிடலாம். பனையேறும் சீவற்றொழிலாளியின் மார்பிலும் கணுக்காலிலும் காய்த்துப்போன தழும்புகள்; கருக்குமட்டை கிழித்த கைகள்; திருக்கை முள் தைத்து நாட்கணக்கில் வீங்கிய கால்கள்; பவளக்கல் வெட்டிய உள்ளங்கால்கள். உழைப்பவனின் வரலாற்றை எந்த அரசனும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. அது அவன் தோலிலேதான் எழுதப்பட்டிருக்கிறது.

உழைப்பு மட்டுந்தான் இம்மக்களைக் காயப்படுத்தியது என்றும் சொல்வதற்கில்லை. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணஞ் செய்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நோயாளியை வைத்தியசாலைக்கும் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் கொண்டு சென்ற படகு, அன்று பிணங்களையும் வெட்டுக்காயங்களையும் சுமந்தது. அந்தப் புண்களைப் பற்றிப் பேச இது இடமன்று. எனினும் தீவாரின் காயங்களை எழுதப் புகுந்தவன் அதை எழுதாது கடந்து செல்வது நேர்மையாகாது.

இக்காயங்களுக்கு மருந்திட்டவர்கள் யார்? பன்னெடுங்காலமாகப் பரியாரிமார். யாழ்ப்பாணத்து அரசர்களின் பட்டப்பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் நம்மிடையே உண்டு. ஏட்டிலே கிடந்தவற்றை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பதிப்பித்து அச்சேற்றினார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தேனும், ஊமத்தை சேர்த்துக் காய்ச்சிய மத்தன் தைலமும் எத்தனையோ புண்களை ஆற்றின. இவற்றை இகழ்வது அறிவீனம். ஆயினும் இவ்வறிவில் பெரும்பகுதி குடும்பச் சொத்தாய், தந்தை மைந்தனுக்கு மட்டுஞ் சொல்லும் மறைபொருளாய் இருந்தது. மைந்தன் கல்லாவிடில் மருந்தும் மாய்ந்தது. அறிவுக்கு ஆயுள் வேண்டுமானால் அது பலர் கையிலே இருக்கவேண்டும் என்னும் உண்மையை இதிலிருந்தே நாம் கற்கலாம்.

1867இல் நிகழ்ந்த இரண்டு செய்திகள்

மேலைநாட்டு மருத்துவம் யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிசனரிமாருடன் வந்தது. 1820ஆம் ஆண்டில் டாக்டர் யோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1847இல் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலையையும் மருத்துவ வகுப்பையும் நடத்தினார். மதம் பரப்புவதே இவர்களை அனுப்பிய சபையின் நோக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிறீன் செய்த ஒரு காரியம் அந்த நோக்கத்தையும் கடந்து நிற்கிறது.

முதலில் அவர் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்ற இளைஞர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி நகரங்களுக்குப் போய்விடுவதை அவர் கண்டார். கிராமத்துக்கென்று பயிற்றப்பட்டவன் கிராமத்திலே நிற்கவில்லை. எனவே 1862இல் இரண்டாம் முறை யாழ்ப்பாணம் வந்தபின், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பதென்று துணிந்தார். தமிழிலே கற்றவன் தமிழ் மக்களிடையே தங்குவான் என்பது அவருடைய கணக்கு. கலைச்சொற்களை ஆக்கினார், மாணவர்களின் துணையுடன் நூல்களை மொழிபெயர்த்தார். 1852இலேயே அங்காதிபாத நூல் ஒன்று வெளிவந்திருந்தது. பின்னர்ப் பிரசவ வைத்தியம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என நூல்கள் தொடர்ந்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர்.

அந்நூல்களுள் ஒன்று நம் கட்டுரைக்கு நேரே உரியது. அதன் பெயர் இரண வைத்தியம். புண்ணும் காயமும் முறிவும் பற்றிய அறுவை மருத்துவ நூல். 1867ஆம் ஆண்டு தமிழில் வெளிவந்தது. அதே 1867இல் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் யோசேப் லிஸ்டர் என்னும் அறுவை வைத்தியர், காபோலிக் அமிலத்தால் காயத்தைக் கழுவினால் சீழ்ப்பிடிப்பைத் தடுக்கலாம் என்னும் தம் ஆய்வை வெளியிட்டார். டெல்ப்ற் வணிகர் கண்ட நுண்ணுயிர்தான் புண்ணைக் கெடுக்கிறது என்பது இரு நூற்றாண்டுகளின் பின் தெளிவாகிய தருணம் அது. யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவனுக்கும் ஐரோப்பிய மாணவனுக்கும் இடையிலிருந்த தூரம், அந்த ஓர் ஆண்டில் மிகக் குறுகியிருந்தது. ஒரு சில நூல்கள், ஒரு சில ஆண்டுகள்! தமிழ் மாணவன் காலத்தோடு ஒட்டி நடந்திருக்கக் கூடும்.

நடந்ததா? கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார், 1884இல் மறைந்தார். தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பிலே தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலே கற்பித்தது. பதவியும் சம்பளமும் அந்த வழியிலே இருந்தன. யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் அமைய 1978ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கிறீன் எந்த நோய்க்கு மருந்து தேடினாரோ, அந்த நோய் இன்னும் ஆறவில்லை. பயின்ற வைத்தியன் தீவிலே நீண்ட நாள் தங்குவதில்லை.

எலிக்குட்டி கண் திறந்த கதை

இனிப் புண் ஆறுவது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். தோல் கிழிந்ததும் குருதி உறைகிறது. உறையும்போதே குருதிச் சிறுதட்டுகள் உடைந்து சில புரதங்களை வெளியிடுகின்றன. அப்புரதங்கள் அயலிலுள்ள கலங்களுக்கு அனுப்பப்படும் ஓலைகள். ‘இங்கே வா’ என்று ஓர் ஓலை. ‘பெருகு’ என்று ஓர் ஓலை. ‘புதுக் குருதிக்குழாய் அமை’ என்று மற்றோர் ஓலை. கலத்தின் மேற்பரப்பில் அந்த ஓலையை வாங்குதற்கென்றே வாயில்கள் உண்டு. ஓலை வந்து வாயிலிலே பொருந்தியதும் கலம் வேலை தொடங்குகிறது. கழிவு அகற்றும் கலங்கள் வருகின்றன. நார் பின்னும் கலங்கள் வருகின்றன. ஈற்றில் ஓரத்திலிருந்து புதுத்தோல் ஊர்ந்து வந்து மூடுகிறது. இந்த ஓலைப் புரதங்களையே விஞ்ஞானம் வளர்ச்சிக் காரணிகள் என்கிறது.

இவற்றைக் கண்டறிந்த வரலாற்றில் ஒரு பெண்ணின் உறுதியும் ஓர் ஆணின் உற்று நோக்கும் திறனும் இணைந்திருக்கின்றன. இத்தாலியில் முசோலினியின் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்கள், யூதப் பெண்ணான ரீற்றா லெவி மொன்தல்சினியைப் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கின. அவர் தம் படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கி, கோழி முட்டைகளை வைத்து நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்தார். போருக்குப் பின் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் அவரும் ஸ்ரான்லி கோஹனும் சேர்ந்து, நரம்பை வளர்க்கும் புரதத்தைப் பிரித்தெடுக்க உழைத்தார்கள். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலே அப்புரதம் நிறைந்திருந்தது. அச்சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஏற்றியபோது, எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கண் திறக்கும் காலத்துக்குப் பல நாள் முன்பே குட்டிகள் கண் திறந்தன. பல்லும் முன்னதாகவே முளைத்தது.

வேறொருவர் இதைத் தற்செயல் என்று தள்ளியிருப்பார். கோஹன் தள்ளவில்லை. சாற்றிலே இன்னொரு புரதம் இருக்கவேண்டும், அது தோலை வளர்க்கிறது என்று உணர்ந்து, 1962இல் அதைப் பிரித்தெடுத்தார். 53 அமினோ அமிலங்களால் ஆன அச்சிறு புரதமே மேற்றோல் வளர்ச்சிக் காரணி. 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உமிழ்நீர்ச் சுரப்பி நீக்கப்பட்ட எலிகளில் புண் சுருங்கி மூடுவது தாமதிக்கிறது என்பதை 1979இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. விலங்குகள் காயத்தை நக்குவதன் பொருள் இதிலே ஓரளவு விளங்குகிறது. ஆனால் நாய் நக்கினால் புண் ஆறும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அந்த வாயிலே கிருமியும் உண்டு.

ஓலை மருந்தாகியது

பரம்பரையலகை ஓர் உயிரிலிருந்து எடுத்து வேறோர் உயிரிலே புகுத்தும் கலை கைவந்ததும், இப்புரதங்களைப் பெருமளவில் ஆக்குவது இயல்வதாயிற்று. கள்ளைப் புளிக்கச் செய்யும் மதுவம் நம் தீவாருக்கு அந்நியமானதன்று. முட்டியிலே இறங்கும் பதநீரைக் கள்ளாக்குவது அதுவே. அந்த மதுவ இனத்துக்குள்ளே மனிதப் பரம்பரையலகைப் புகுத்தி, குருதிச் சிறுதட்டின் வளர்ச்சிக் காரணியை ஆக்கினார்கள். 1997ஆம் ஆண்டின் இறுதியில், நீரிழிவுக் கால்புண்ணுக்குரிய களிம்பாக அமெரிக்கா அதை அனுமதித்தது. யப்பானில் 2001ஆம் ஆண்டு முதல் இன்னொரு காரணி தெளிக்கும் மருந்தாக வழங்குகிறது.

நம் அயலிலும் இம்முயற்சி நிகழ்ந்தது. ஐதராபாத்தில் பாரத் பயோடெக் நிறுவனம் மேற்றோல் வளர்ச்சிக் காரணியை ஆக்கி, ரீஜென்-டி என்னும் களிம்பாகக் கொணர்ந்தது. நீரிழிவுக் கால்புண்ணுக்கு அதைச் சோதித்த ஆய்வு, சென்னை இராயபுரத்தில் 1954இல் பேராசிரியர் எம். விசுவநாதன் தொடங்கிய நீரிழிவு வைத்தியசாலையின் தலைமையில் நிகழ்ந்து, 2006இல் வெளியாயிற்று. அதே 2006இல் கியூபா தன் ஆபானா நகர ஆய்வு நிலையத்தில் உருவான ஹெபர்புரொட்-பி என்னும் மருந்தைப் பதிவு செய்தது. அமெரிக்காவின் பொருளாதாரத் தடைக்குள்ளே வாழும் தீவு அது. களிம்பாகப் பூசினால் புரதம் புண்ணிலே அழிந்துபோகிறது என்று கண்ட அவர்கள், அதைப் புண்ணுக்குள்ளேயே ஊசியால் ஏற்றினார்கள். வாரத்துக்கு மூன்று முறை. தன் மக்களின் கால்களைக் காக்கத் தானே மருந்து செய்துகொண்ட தீவைப் பற்றி, தீவார் நாம் கொஞ்சம் எண்ணிப் பார்ப்பது நன்று. ஆனால் இம்மருந்தின் சான்றுகளிற் பெரும்பகுதி கியூபாவிலேயே திரண்டவை என்பதையும், பிற நாடுகளில் விரிவான ஒப்பாய்வுகள் தேவை என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இம்மருந்துகளின் பயன் எவ்வளவு? அமெரிக்கக் களிம்பை அனுமதிப்பதற்கு ஆதாரமான ஆய்வு ஒன்றைப் பார்ப்போம். இருபது வாரங்களில், களிம்பு பெற்றவர்களில் 50 சதவீதத்தினருக்குப் புண் முழுமையாக மூடியது. வெறுங் களிம்பும் நல்ல பராமரிப்பும் மட்டும் பெற்றவர்களில் 35 சதவீதத்தினருக்கு மூடியது. இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். புரதம், நூற்றுக்குப் பதினைந்து பேரின் புண்ணை மேலதிகமாக ஆற்றியது, இது சிறிதன்று. ஆனால் மருந்தே இன்றி, புண்ணைத் துப்புரவாக்கி, பாரம் ஊன்றாது காலைக் காத்த பராமரிப்பு மட்டுமே முப்பத்தைந்து பேரை ஆற்றியது. இந்த இரண்டாம் வாசிப்பை மருந்து விற்பவர்கள் உரத்துச் சொல்வதில்லை.

செல்லரிக்கும் ஓலை

மீதிப் பாதிப் பேருக்கு ஏன் ஆறவில்லை? இங்கேதான் ஆயுள் பற்றிய வினா எழுகிறது.

நாட்பட்ட புண் என்பது வெறுங் குழியன்று. அது எரிந்துகொண்டிருக்கும் களம். நீரிழிவாளரின் காலிலே நரம்பு மரத்துப்போகிறது. கல் குத்தியதும் தெரிவதில்லை. சிறு குழாய்களில் குருதி குறைகிறது. கிருமி குடியேறுகிறது. அதை எதிர்க்க வரும் கலங்கள் புரதத்தை அறுக்கும் நொதியங்களைக் கொட்டுகின்றன. புதுப் புண்ணிலே அழுகிய பகுதியை அறுத்து அகற்றிவிட்டு அடங்கவேண்டிய நொதியங்கள், நாட்பட்ட புண்ணில் அடங்குவதில்லை. நாம் பூசும் வளர்ச்சிக் காரணியையும் அவை அறுத்துத் தின்கின்றன. எஞ்சியதைப் புண்ணிலிருந்து வடியும் நீர் கழுவிச் செல்கிறது. சில புரதங்கள் உடலின் சாதாரண வெப்பத்தையே தாங்காமல் மடிப்பவிழ்ந்து கெடுகின்றன. ஓலை அனுப்பப்பட்டது; வாசிக்கப்படுமுன் செல்லரித்துவிட்டது.

இதற்கு விஞ்ஞானிகள் மூன்று வழிகளிலே முயல்கிறார்கள். முதலாவது, செல் அரிக்கும் இடத்தை மாற்றுவது. நொதியம் ஒரு புரதத்தைக் கண்டபடி கடிப்பதில்லை. குறித்த இடத்திலேயே கடிக்கிறது. செருமனியின் கோல்ன் பல்கலைக்கழகத்தில் சபீனே எமிங்கும் அவருடைய குழுவினரும், குருதிக்குழாய் வளர்க்கும் காரணியில் அந்த இடத்திலுள்ள ஒரே ஓர் அமினோ அமிலத்தை வேறொன்றாக மாற்றினார்கள். நொதியத்தின் பல் அங்கே பதியவில்லை.

இரண்டாவது, ஓலையை உரிய இடத்திலே கட்டிவைப்பது. சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் ஜெப்ரி ஹபெலின் ஆய்வுக்கூடத்தில் மிக்காயெல் மார்ட்டினோவும் பிறரும், 2014இல் ஒரு வழியைக் காட்டினார்கள். கலங்களைச் சூழ்ந்துள்ள நார்ப்பின்னலை இறுகப் பற்றும் சிறு துண்டொன்று நம் உடலின் ஒரு புரதத்திலே உண்டு. அத்துண்டை வளர்ச்சிக் காரணிகளோடு ஒட்டினார்கள். காரணி வழிந்தோடாமல் புண்ணிலேயே பற்றிக்கொண்டது. நீரிழிவுள்ள எலிகளின் புண்ணைச் சிறிய அளவே ஆற்றியது.

மூன்றாவது, ஓலையையே உரமாக்குவது. செக் நாட்டின் புர்னோ நகர விஞ்ஞானிகள், நார்க்கல வளர்ச்சிக் காரணி ஒன்றின் அமைப்பைக் கணனியிலே ஆராய்ந்து, எங்கே மாற்றினால் அது இறுகும் என்று கணித்தார்கள். ஒன்பது அமினோ அமிலங்களை மாற்றினார்கள். 37 பாகை வெப்பத்தில் ஏறத்தாழப் பத்து மணி நேரத்திலே பாதி வலுவை இழந்த புரதம், இருபது நாளுக்கு மேலும் நின்றது. 2018இல் இம்முடிவு வெளியானது. பத்து மணி நேரம் எங்கே, இருபது நாள் எங்கே!

இவற்றிற் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிடத்துமே நிற்கின்றன என்பதை வாசகர் மறத்தலாகாது. இன்னோர் அச்சமும் உண்டு. ‘பெருகு’ என்னும் கட்டளை ஓயாமல் ஒலித்தால் புற்றுநோய்க் கலமும் அதைக் கேட்குமன்றோ? மிகுதியாகக் களிம்பு பூசியவர்களில் புற்றுநோய் மரணம் கூடக்கூடும் என்று 2008இல் அமெரிக்க அரசு எச்சரித்தது. பின் வந்த ஆய்வுகளைக் கண்டு, 2018இல் அந்தக் கடும் எச்சரிக்கையை நீக்கியது. ஆயுளை நீட்டுவது என்றால் முடிவில்லாது நீட்டுவதன்று. வேலை முடியும்வரை நிற்கவும், முடிந்ததும் அகலவும் செய்வது. நல்ல ஆசிரியனுக்கும் அதுதானே இலக்கணம்!

நமக்கு இதனால் என்ன?

இலங்கையில் 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென்றும், முன்னிலையிலிருப்போரையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர் என்றும் கண்டது. இது நகரத்துச் செல்வரின் நோய் என்ற காலம் போயிற்று. நம் வகுப்பிலே படித்த மாணவி ஒருத்தி சில வாரம் பாடசாலைக்கு வரவில்லை. விசாரித்தோம். கடற்றொழிலாளியான தந்தையின் காலிலே சிறு புண், கல் கீறியதாம், அவர் உணரவேயில்லை. மருந்து கட்ட நாள்தோறும் துறை கடந்து செல்ல இயலவில்லை. சென்ற நாளெல்லாம் கூலி இல்லை. விட்டுவிட்டார். ஈற்றில் விரலிலே தொடங்கிய வெட்டு முழங்காலுக்குக் கீழே போய் நின்றது. மாணவி படிப்பை விட்டுக் கடைக்கு வேலைக்குப் போனாள். ஒரு கால் போனால் ஒரு குடும்பம் நொண்டும் என்பதை நாம் ஏட்டிலே படித்து அறியவில்லை.

இப்போது விளங்குகிறதா, புரதத்தின் ஆயுள் ஏன் தீவாரின் பிரச்சினை என்று? நாளுக்கு இருமுறை பூசவேண்டிய, குளிரிலே வைக்கவேண்டிய களிம்பு, நகரத்தானுக்கு ஒரு தொல்லை; நெடுந்தீவானுக்கோ அது மருந்தேயன்று. சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளித்தால், குறிகட்டுவான் துறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையே உள்ள ஒரு மணி நேரப் பயணம் எத்தனை நாள் நீளுமென்று யார் அறிவார்? வாரம் மூன்று முறை ஊசி ஏற்ற வேண்டுமென்றால் மூன்று நாட் கூலி போகும். வாரத்துக்கொரு முறை கட்டினாற் போதும், வெயிலிலும் கெடாது என்னும் மருந்து வந்தால், அந்த நாளே கடல் குறுகிய நாள். புர்னோவிலும் லொசானிலும் நடக்கும் வேலை, எவரும் அறியாமலே, நம் துறைமுகத்தை நோக்கி வருகிறது.

ஆனால் தானாக வந்து சேராது. டெல்ப்ற் நகர அறிவு நம் டெல்ப்றுக்கு வராமற்போன வரலாறு அதற்குச் சாட்சி. ஒரு குழாய்க்குப் பெருவிலை வைக்கும் வணிகம் குறுக்கே நிற்கிறது. அதை எதிர்க்கும் வழியை நம் நாட்டவர் ஒருவரே காட்டினார். பேராசிரியர் சேனக பிபிலேயும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அறிக்கை எழுதி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைய வழிகோலினார்கள். வணிகப் பெயரையன்று, மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லி, தேவையானதை மட்டும், மலிவான இடத்திலே மொத்தமாக வாங்குவது அவர்கள் கொள்கை. பிபிலே 1977இல் மறைந்தார். அவர் வழியை வளரும் நாடுகள் பல மதித்தன. நாளை நீண்ட ஆயுளுள்ள புரத மருந்துகள் வரும்போது, அதே கேள்வியை நாம் மீண்டும் எழுப்ப வேண்டும். யாருக்காக, என்ன விலைக்கு, யார் கையிலே?

அதுவரை கைகட்டி இருக்கவேண்டுமா? அன்று. நூற்றுக்கு முப்பத்தைந்து என்னும் எண்ணை மறவாதீர்கள். தீவின் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் நீரிழிவாளரின் கால்களை முறையாகப் பார்ப்பது. கட்டு மாற்றும் தாதி வீட்டுக்கே போவது. வெறுங்காலோடு வெயில் மணலில் நடப்பவருக்கு நல்ல காலணி கிடைக்கச் செய்வது. இவற்றுக்குப் பரம்பரையலகுப் பொறியியல் வேண்டாம். மனம் வேண்டும், சிறிது பணம் வேண்டும். இன்னொன்றும் வேண்டும்: கிறீன் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் தமிழ். புண் ஏன் ஆறுகிறது, ஏன் ஆறாதிருக்கிறது என்பதை, பத்தாம் வகுப்பு மாணவி தன் தந்தைக்கு எடுத்துச் சொல்லத்தக்க தமிழிலே நாம் எழுதிவைக்க வேண்டும். ஆசிரியர்களாகிய நம் கையிலே இருக்கும் மருந்து அது ஒன்றுதான்.

செல்லரிக்காத ஓலையை விஞ்ஞானிகள் தேடுகிறார்கள், தேடட்டும், கண்டடையட்டும். ஓர் அறிவு ஒரு மக்களிடையே நெடுங்காலம் நிற்கவேண்டுமானால், அது அவர்கள் மொழியிலே, பலர் கையிலே, அவர்கள் வாழும் ஊரிலேயே தங்கவேண்டும். 1867இல் இரண வைத்தியத்தைத் தமிழிலே வாசித்த மாணவன் இதை அறிந்திருந்தான். அவனுக்குப் பின் அறுந்துபோன இழையை மீண்டும் பற்றுவது, நெடுந்தீவின் கல்வேலிகளுக்கிடையே நொண்டி நடக்கும் ஒவ்வொரு காலுக்கும் நாம் பட்டிருக்கும் கடன்.